திம்பம் ஏறினால் மட்டும் ஒழுகும் கூலன்ட் டேங்க்

பெருந்துறையில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவன், நான் வைத்திருக்கும் அதே காரைப் பழையதில் பார்த்து வைத்துக்கொண்டு, "எப்படி மாப்ள, வாங்கலாமா?" என்று கேட்டான். மைலேஜ், ஏசி, சஸ்பென்ஷன் பற்றியெல்லாம் அவனுக்கே தெரியும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் எனக்கு அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. எனக்குச் சொல்ல இருப்பது பானெட்டுக்குள் ஓரமாக உட்கார்ந்திருக்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் நிற்கிற ஒரு பிளாஸ்டிக் டேங்கைப் பற்றித்தான். போன வாரம்தான் மாற்றினேன், கோபம் இன்னும் ஆறவில்லை. கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. இந்த ரக டேங்க் வேறு பல வண்டிகளிலும் இருக்கிறது.

கோபியிலிருந்து ஈரோடு, கோயமுத்தூர் என்று எவ்வளவு ஓட்டினாலும் கூலன்ட் குறையாது. பண்ணாரி தாண்டித் திம்பம் மலையில் ஏறினால்தான் வினை. 27 கொண்டை ஊசி வளைவு, முன்னால் ஊர்ந்துபோகும் லோடு லாரி, பாதி நேரம் முதல் கியர். தாளவாடி போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை எஞ்சின் ஆறிய பிறகு பார்த்தால் அளவு டேங்கில் 'MIN' என்று போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே நிற்கும். வழியில் நிறுத்திப் பார்க்கலாம் என்றால் அது புலிகள் காப்பகம், இறங்கி நிற்கிற இடமா அது?

கம்பெனி சர்வீஸில் விட்டால், ஆறின வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "லீக் எதுவும் இல்ல சார்" என்பார்கள். கூலன்ட் ஊற்றியதற்கு மட்டும் பில் வரும். கடைசியில் ரேடியேட்டர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு தொகை சொன்னார்கள் பாருங்கள், அதோடு வண்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

சத்தியமங்கலத்தில் ஒரு மெக்கானிக் தம்பி, டேங்க் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு கை பம்பை மாட்டினார். மூடியில் போட்டிருந்த 1.4 பார் அழுத்தம் வரைக்கும் காற்றை ஏற்றிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது டேங்கின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒட்டுகிற வரியில் வியர்வை மாதிரி ரோஸ் நிறச் சொட்டு. "பிரஷர் ஏறினாத்தானுங்ணா இது வாய் தொறக்கும்" என்றார். இவ்வளவுதான் சோதனை. இதைச் செய்ய சர்வீஸ் சென்டருக்கு என்ன கேடு?

விஷயம் இதுதான். இது வழிந்த தண்ணீரைப் பிடித்து வைக்கும் சாதா பாட்டில் இல்லை. எஞ்சினுக்குள் ஓடும் கூலன்டில் இருக்கும் அதே அழுத்தம் இதற்குள்ளும் இருக்கும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 120 தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மலையேற்றத்தில் அழுத்தம் கூடும்போது, வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் தன் ஒட்டுவரியில் விட்டுக்கொடுக்கிறது. எம்-சீல், சூப்பர் குளூ எதுவும் இதில் நிற்காது. இந்த வகை பிளாஸ்டிக்கில் பசை பிடிக்கவே பிடிக்காது, பிடித்தாலும் அந்த அழுத்தம் தள்ளிவிடும்.

மாற்றுகிற வேலை ஒன்றும் பெரிதில்லை. எஞ்சின் நன்றாக ஆறணும், சூட்டில் மூடியைத் தொடவே கூடாது. பழைய கூலன்டை உறிஞ்சி எடுத்து, கிளிப்பைத் தள்ளி, ஹோஸை இழுக்காமல் முறுக்கிக் கழற்றினார். இழுத்தால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூக்கு உடைந்து அடுத்த செலவு வரும். புது டேங்கை மாட்டி, கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேன் சுற்றும் வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினார். மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது, அது வழக்கம்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல்லடம், திருப்பூர் பக்கத்து போர் தண்ணியை அவசரத்துக்கு ஊற்றிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். குடத்தில் படிகிற அந்த உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். சிறுவாணி தண்ணியே ஆனாலும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர்தான். கூலன்டை நிறம் பார்த்து வாங்காமல், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தையே வாங்குங்கள்.

புது டேங்க் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பழையது மஞ்சளித்துப் போய், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று டார்ச் அடித்தால்தான் தெரியும். இப்போது தள்ளி நின்று பார்த்தாலே அளவு தெரிகிறது. அதில் எனக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மூடி தனி விலை! டேங்கோடு மூடி வராதாம்.

நியாயமாகப் பார்த்தால், இத்தனை வருஷம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் போனதற்கு வண்டியைத் திட்டக் கூடாது. எஞ்சின் ஒருநாளும் என்னை வழியில் நிறுத்தியதில்லை. இருந்தாலும் மாப்பிள்ளையிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். மீறி வாங்குவதானால், பணம் கொடுப்பதற்கு முன் டேங்கின் அடியில் ரோஸ் நிறப் பொருக்கு இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப உன்றத எனக்குக் குடுத்துரு, புது டேங்க் போட்டதுதானே" என்கிறான். அதெல்லாம் முடியாது.