சனி, ஞாயிறில் தென்காசி: காரா, பொதிகையா, பஸ்ஸா?

சென்னையில் வேலை, தென்காசியில் தனியாக அம்மா. இப்படி வாழ்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் "நீ எதுல போற?" என்பதில் வந்து நிற்கும். புதிதாகக் கார் வாங்கியவன் காரை விட்டுக்கொடுக்க மாட்டான். பொதிகை எக்ஸ்பிரஸ் ரயிலில் போய்ப் பழகியவர் மற்ற வண்டியை வண்டியாகவே மதிக்க மாட்டார். இருவரும் சண்டை போடுவது பயண நேரத்தையும் செலவையும் வைத்துத்தான். நான் போடும் கணக்கு வேறு. வெள்ளி மாலை ஆபீஸ் முடித்து, திங்கள் காலை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வேண்டியவனுக்கு, அம்மாவோடு விழித்திருக்கும் நேரம் எவ்வளவு மிஞ்சும்?

காரில் தனியாகப் போவதை முதலில் பார்ப்போம். 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம், திருச்சி வழியாக மதுரை வரை நான்கு வழிச்சாலைதான் என்றாலும், சாப்பாடு, டீ, பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. வெள்ளி ராத்திரியே கிளம்பிவிடலாமே என்பார்கள். மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் கிளம்பலாம். பகல் முழுக்க வேலை பார்த்த உடம்போடு ஒற்றை ஆளாக, பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் துவரங்குறிச்சி, மேலூர் பக்கம் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாலை நேராக, காலியாக இருக்கும். ஆபத்தே அதில்தான். கண் சொக்குவது நமக்குத் தெரியாது. டீயும் பாட்டும் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அப்படியே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் சனிக்கிழமை மத்தியானம் வரை தூங்கத்தான் போகிறோம்.

ஆகவே சனி விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதுதான் ஒரே வழி. வீடு சேர மூன்று, நாலு மணி ஆகும். ஞாயிறு காலை பத்து மணிக்காவது திரும்பக் கிளம்பியாக வேண்டும். கடைசியில் செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை, ஞாயிறு இரவில் ஊர்ந்துதான் போகும். மொத்தத்தில் கிடைப்பது ஒரு சாயங்காலமும் ஒரு காலைச் சாப்பாடும்.

இன்னொன்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் அம்மாவும் விழித்திருக்கிறாள். "திருச்சி வந்துட்டியாலே?", "மதுர தாண்டிட்டியாலே?" என்று கேட்க வேண்டும், ஆனால் ஓட்டுகிறவனுக்குப் போன் போடவும் பயம். ரயிலில் ஏறிவிட்டேன் என்று சொன்னால் போதும், அவள் பாட்டுக்குத் தூங்கிவிடுவாள்.

கார்தான் என்று முடிவானால் மதுரைக்குத் தெற்கே வழியை யோசிக்க வேண்டும். திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போவது தூரத்தில் குறைவு, ஆனால் நடுவே ஊர்கள் அதிகம். விருதுநகர், சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டி வரை நான்கு வழியிலேயே போய், கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகத் திரும்பினால் கொஞ்சம் சுற்று. தனியாக, களைத்த கண்ணோடு ஓட்டுகிறவனுக்கு எதிரே வண்டி வராத சாலைதான் நல்லது என்பதால் நான் இரண்டாவதைச் சொல்வேன். முதல் வழியில் பால்கோவா வாங்கலாமே என்றால், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிற வீட்டில் அது வாதமே இல்லை.

செலவு: லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் போகவர ஏழாயிரத்து ஐந்நூறு, எட்டாயிரம் ரூபாய் குடிக்கும். பரனூரில் தொடங்கி வழி நெடுக வரிசையாக டோல்கேட். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால்தான் டோலில் சலுகை, அது நமக்கு ஒத்துவராது. அடிக்கடி போகிறவர்கள் 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸை எடுத்துவிடலாம். வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை, அதாவது ஒரு டோல்கேட்டுக்குப் பதினைந்து ரூபாய். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் மட்டும்தான் அது செல்லும்.

இப்போது பொதிகை. வெள்ளி இரவு எழும்பூரில் ஏறினால் சனி காலை தென்காசியில் காபி. ஞாயிறு மாலை ஆறரை வாக்கில் திரும்ப ஏறினால் திங்கள் விடிய எழும்பூர். இரண்டு பகலும் முழுசாகக் கையில் இருக்கும். ஒரு வழிக்கு ஸ்லீப்பர் ஐந்நூறுக்குள் முடிந்துவிடும், மூன்றடுக்கு ஏசி ஆயிரத்துச் சொச்சம். காரில் கிடைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம், கால்வாசிப் பணம். பிறகு ஏன் எல்லோரும் இதில் போவதில்லை? டிக்கெட் கிடைக்காது, அதுதான். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது, வார இறுதி இடங்கள் மளமளவென்று போய்விடும். ஞாயிறு திரும்பும் டிக்கெட் இன்னும் மோசம். தட்கலுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசி, பதினொன்றுக்கு ஸ்லீப்பர். கணக்கை ஆதாரோடு இணைத்திருந்தால்தான் ஆன்லைனில் போட முடியும். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று புதன்கிழமை போன் வந்தால் பொதிகை உதவாது. வாரத்தில் மூன்று நாள் காரைக்குடி, மானாமதுரை வழியாகச் செங்கோட்டை போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வேகம்தான் முக்கியம் என்பவர்கள் நெல்லை வந்தே பாரத்தைக் காட்டுவார்கள். எட்டு மணி நேரத்தில் திருநெல்வேலி, மறுப்பதற்கில்லை. ஆனால் அது சென்னையில் மதியம் கிளம்புகிறது, எனவே வெள்ளி அரை நாள் லீவு. இறங்கும்போது இரவு பத்தரை தாண்டிவிடும், அதற்கு மேல் தென்காசிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். திரும்பும் வண்டி நெல்லையில் விடியற்காலை எடுக்கிறது, ஞாயிறு போச்சு. இருப்பதிலேயே வேகமான வண்டி, சனிக்கிழமை ஒன்றைத்தான் நமக்கு விட்டுவைக்கிறது. அப்பா அம்மா நெல்லை டவுனிலேயே இருந்தால் கதை கொஞ்சம் மாறும்.

பஸ் கடைசி நேரத்துக்கு. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேருவதே வடசென்னைக்காரருக்கு ஒரு தனிப் பயணம். ஆம்னி ஸ்லீப்பர் வெள்ளி, ஞாயிறில் ரயில் ஏசி டிக்கெட்டைத் தாண்டிவிடும். அரசு விரைவுப் பேருந்து மலிவு, முதுகு வலி இலவசம். டிக்கெட் கிடைக்கும் என்பது ஒன்றே இதன் பலம், சில புதன்கிழமைகளில் அது பெரிய பலம்தான்.

கார் ஜெயிக்கும் இடமும் உண்டு. திங்கள் ஒரு நாள் லீவு போட முடிந்து, ஊரில் அலையும் வேலையும் இருந்தால். அம்மாவை நெல்லை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், கடையநல்லூரில் ஒரு துட்டிக்கு (துக்க வீட்டுக்கு) போக வேண்டும், சாயங்காலம் குற்றாலத்தில் சும்மா உட்கார வைக்க வேண்டும். முட்டி வலிக்காரியை ஆட்டோவில் ஏற்றி இறக்கியவர்களுக்குச் சொந்தக் காரின் அருமை தெரியும். திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், ஊறுகாய் பரணி எதையும் வேண்டாம் என்று சொல்லி அவள் முகத்தை வாட வைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் யோசியுங்கள்: பொதிகையில் போய் இறங்கி, உள்ளூரில் ஒரு நாளுக்கு டாக்ஸி பேசினால் பெட்ரோல் காசில் பாதிகூட ஆகாது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்தக் கணக்கு எதுவும் எடுபடாது. அந்த வாரங்களில் 60 நாள் முன்பே பொதிகைக்கு உட்காருங்கள். கிடைக்காவிட்டால் பண்டிகைக்கு முந்தின வாரமே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி காரை எடுத்துக்கொண்டு தனியாக மட்டும் கிளம்பாதீர்கள்.