ஃபீஸ் ஏறிவிட்டது என்று பணம் கேட்டால் முதலில் சலானைப் பாருங்கள்

கோத்தகிரியில் அக்காவும் நானும் டீத்தூளும் நீலகிரித் தைலமும் பேக் செய்து விற்கிறோம். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் கம்பெனி பெயரில்தான் பில் வேண்டும் என்றார். அதற்காக 2021 ஜூனில் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தோம். ஜிஎஸ்டி எண் மட்டும் இருந்தாலே போதும் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

பதிவு செய்து கொடுத்தவருக்குக் கோவையில் ஆபீஸ். எல்லோரும் அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன் இரண்டையும் அவரே வைத்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் மலை இறங்கி வரணுமா மேடம், இங்கேயே இருக்கட்டுங்க" என்றார். மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். எங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

2022-ல் ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கு 12,000 வாங்கினார். வேலையை ஒழுங்காக முடித்தும் கொடுத்தார். 2023-ல் 17,000 கேட்டார். 2024 ஆகஸ்டில் 24,000. ஏன் இவ்வளவு என்று கேட்டால் ஒரே பதில்: "கவர்ன்மென்ட் ஃபீஸ் ஏத்திட்டாங்க மேடம், எங்க கையில ஒண்ணும் இல்ல." நாங்களும் டீத்தூள் விலையை ஏற்றும்போது கடைக்காரரிடம் இப்படி ஏதாவது சொல்கிறவர்கள்தானே, நம்பிவிட்டோம்.

அதே வருடம் அக்டோபர் தொடக்கத்தில் பேக்கிங் மெஷினுக்கு லோன் கேட்டு வங்கிக்குப் போனோம். மேனேஜர் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எங்கள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினார். கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி என்ற இடத்தில் 31-03-2022 என்று இருந்தது. "ஏம்மா, அதுக்கப்புறம் தாக்கலே பண்ணலையா?" என்றார். அக்கா பையிலிருந்து ஃபைலை எடுத்து 2023 சலானைக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தோம். அவர் அதை 2022 சலானோடு சேர்த்து வைத்தார். இரண்டிலும் எஸ்ஆர்என் என்கிற தாக்கல் எண் ஒன்றுதான். ஒவ்வொரு தாக்கலுக்கும் தனி எண் வரவேண்டும். உற்றுப் பார்த்தால் 2023 என்ற எழுத்து மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. 2022-ல் இயக்குநர் கேஒய்சிக்காக, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்காக, எங்கள் போனுக்கு ஓடிபி வந்தது, அவர் கூப்பிட்டுக் கேட்டார், சொன்னோம். 2023-ல் ஓடிபியே வரவில்லை. 2024-லும் வரவில்லை. தொல்லை இல்லாமல் முடிகிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம்! பேலன்ஸ் ஷீட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, யூடிஐஎன் எண் இல்லை. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் கையெழுத்துப் போடும் தணிக்கை அறிக்கையில் அந்த 18 இலக்க எண் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். விசாரித்தால் இவர் ஆடிட்டரே இல்லையாம்.

இப்போது ஃபீஸ் கதைக்கு வருகிறேன். எங்கள் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 1 லட்சம். அதற்கு, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏஓசி-4 படிவத்துக்கு அரசுக் கட்டணம் 300 ரூபாய். ஆண்டு விவர அறிக்கையான எம்ஜிடி-7ஏ படிவத்துக்கும் 300. மூன்று வருடத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. தணிக்கை செய்யும் சிஏவின் கட்டணம் தனி, அது நியாயம். விற்பனையே இல்லாவிட்டாலும் கம்பெனிக்குத் தணிக்கை கட்டாயம். அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், அரசாங்கத்தின் தலையில் போட்டதுதான் ஏமாற்று.

உண்மையில் கழுத்தைப் பிடிப்பது தாமதக் கட்டணம். 2018 ஜூலையிலிருந்து ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. புது சிஏ ஒருவரைப் பிடித்து விட்டுப்போன 2023 தாக்கலை அக்டோபர் 14-ம் தேதி செய்தோம். ஏஓசி-4-க்கு 350 நாள் தாமதம், 35,000. எம்ஜிடி-7ஏ-வுக்கு 320 நாள், 32,000. கேஒய்சி செய்யாததால் இரண்டு பேரின் இயக்குநர் எண்ணும் முடங்கிக் கிடந்தது, அதற்கு ஆளுக்கு 5,000. மொத்தம் 77,000 ரூபாய். 300 ரூபாய் படிவத்துக்கு 35,000 தண்டம் என்பதை டீத்தூள் விற்கிறவர்கள் எப்படித் தாங்குவது என்று சட்டம் போட்டவர்களையும் கேட்கத் தோன்றுகிறது. இன்னும் விட்டிருந்தால் நிலைமை மோசம்: தொடர்ந்து மூன்று ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர் தகுதியே போய்விடும்.

அந்த ஆளிடம் கேட்டோம். சர்வர் பிரச்சினை என்றார், ஸ்டாஃப் தப்பு என்றார், 10,000 அனுப்பினார், பிறகு போனை எடுப்பதில்லை. போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். டோக்கன்களும் திரும்பி வரவில்லை. பழைய கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்கினோம்.

உங்கள் கம்பெனி பெயரை இன்றைக்கே அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், மாஸ்டர் டேட்டா என்கிற அடிப்படை விவரத்தைப் பார்க்கக் காசு கிடையாது. கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி பழசாக இருந்தால் உங்கள் ஆளிடம் எஸ்ஆர்என் எண்ணைக் கேளுங்கள், சலான் படத்தை அல்ல. டோக்கனை வாங்கி வீட்டில் வையுங்கள். எங்களுடையது இப்போது தைல பாட்டில் மூடிகள் போட்டுவைக்கும் டப்பாவில் இருக்கிறது. தாக்கல் நாளன்று அக்கா அதை எடுத்துக்கொண்டு சிஏ ஆபீசுக்குப் போகிறாள், முடிந்ததும் கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிடுகிறாள்.