மாரியில் வளவு நாய்க்கு எது நல்லது: சாக்கா, வைக்கோலா, விறாந்தையா?

மட்டக்களப்பில் நாய்க்கு என்ன கூதல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதிலும் நியாயம் உண்டு. மாரி இரவிலும் இங்கே வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே போவது அரிது. ஐரோப்பாவில் அது கோடை. ஆனால் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி அடித்த காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்துப் போயின. இங்கே என்ன பனியா கொட்டியது? நனைந்த உடம்பில் வாடை விடாமல் அடித்தது, அவ்வளவுதான்.

நாயின் உடல் வெப்பம் 38.3 பாகைக்கும் 39.2க்கும் இடையில் நிற்க வேண்டும். முடிக்குள் தங்கியிருக்கும் காற்றுதான் அந்தச் சூட்டைக் காக்கிறது. முடி நனைந்ததும் அந்தக் காற்று போய்விடும்; ஈரம் காயும்போது மிச்சச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர்நாய்க்கு இருப்பதோ ஒற்றைப் படைக் குட்டை முடி. அல்சேஷனுக்கும் பொமரேனியனுக்கும் அடியில் இன்னொரு படை உண்டு. அது கூதலைத் தாங்கும், ஆனால் ஒருமுறை ஊறினால் மாரியில் லேசில் காயாது, தோல் புண்ணாகும். ஆகவே எதை வாங்கினாலும், எதைச் செய்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இது நனையாமல் இருக்குமா, நனைந்தால் காயுமா?

முதலில் இடம். விறாந்தைக்கும் நாய்க்கூட்டுக்கும் போட்டி என்றால் கூரையுள்ள விறாந்தை செலவில்லாதது, நாயும் வீட்டாரோடு இருக்கும். ஆனால் கல்லடி, திருக்கோவில் போலக் கடலைப் பார்த்த வீடுகளில் கிழக்கு விறாந்தையில் சாரல் சுவர்வரை வரும், சீமெந்துத் தரையும் இரவு முழுவதும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். வீட்டின் மேற்குப் பக்கம் விறாந்தை இருந்தால் கூடே தேவையில்லை. ஒரு பலகையும் படுக்கையும் போதும். பழைய குசினி தனியாக இருக்கும் வளவுகளில் நாய் தானாகவே அடுப்பங்கரைச் சாம்பலில் போய்ச் சுருண்டுகொள்ளும். விரட்டாதீர்கள், தணல் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூடுதான் என்றால் கல் வைத்துக் கட்டியதைவிடப் பலகைக் கூட்டுக்கே என் வாக்கு. கல்லுக்கூடு உறுதிதான், கறையானும் தின்னாது. ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், கட்டிய திசையிலேயே நிற்கும். வாடை வடகிழக்கில் இருந்து வருகிறது. ஆகவே மாரியில் வாசல் தென்மேற்கைப் பார்க்க வேண்டும். வைகாசிக்குப் பிறகு அதே தென்மேற்கில் இருந்துதான் கச்சான் காற்று அனலையும் புழுதியையும் கொண்டுவருகிறது. பலகைக் கூடென்றால் இரண்டு பேர் பிடித்துத் திருப்பி வைத்துவிடலாம். நாலு மூலைக்கும் கல் வைத்து ஒரு சாண் உயர்த்துங்கள். அடியில் தண்ணீர் ஓடட்டும்.

பெரிய கூடு வசதியானது என்று நினைப்பதும் தப்பு. நாய் எழுந்து நிற்க, திரும்ப, சுருண்டு படுக்க இடம் போதும். உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குவது நாயின் உடம்புதானே. கூடு பெருத்தால் அதன் பாடும் பெருக்கும்.

கூரைக்குத் தகரமா கிடுகா? தகரம் ஒழுகாது, ஆனால் விடியப்புறம் உட்பக்கம் வியர்த்துச் சொட்டும். கிடுகு இதமானது; புதுக் கிடுகை நெருக்கி வேய்ந்தால் ஒரு மாரியைத் தாங்கும், அடுத்த மாரிக்கு மாற்ற வேண்டும். மேலே தகரம், அதன் கீழ் கிடுகு என்று இரண்டையும் போட்டால் சண்டையே இல்லை. மீன் வியாபாரிகளிடம் கிடைக்கும் உடைந்த ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியை இரண்டு பலகைகளுக்கு நடுவில் செருகுவதும் நல்ல யோசனைதான். நாயின் பல்லுக்கு எட்டாமல் முழுக்க மூடிவிட வேண்டும். கடித்து விழுங்கினால் குடலில் அடைக்கும். நீலப் பிளாஸ்ரிக் பரலைப் படுக்க வைத்து வாசல் வெட்டுகிறவர்களும் உண்டு. சின்ன நாய்க்குப் பரவாயில்லை. முன்பு என்ன அடைத்திருந்த பரல் என்று கேட்டு வாங்குங்கள், உருளாமல் கல் கொடுங்கள்.

இனிப் படுக்கை. பெரும்பாலான வளவுகளில் பிழை நடப்பது இங்கேதான். பழைய சாரம், துவாய், சணல் சாக்கு என்று கையில் கிடைத்ததை மடித்துப் போட்டுவிடுகிறோம். முதல் இரவு நாய் சந்தோசமாகப் படுக்கும். மழையில் ஒரு தடவை வெளியே போய்வந்தால் அதன் வயிற்று ஈரம் முழுவதும் சாக்கில் இறங்கிவிடும். மூன்றாம் நாள் காலையில் அந்தச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள்: கை கனக்கும், மூக்கைத் துளைக்கும், அடியில் பலகை கறுத்திருக்கும். நாய் அதை ஒரு மூலைக்குப் பிறாண்டித் தள்ளிவிட்டு வெறும் பலகையில் கிடக்கும். குறும்புக்குச் செய்வதாக நினைத்துத் திரும்ப விரித்துவிடுகிறோம். துணி, வெயில் இருக்கும் நாட்டுக்குரியது. கார்த்திகை மார்கழியில் நம்முடைய உடுப்பே காய்வதில்லை. உரப்பை தண்ணீர் குடிக்காது, ஆனால் வழுக்கும், மேலேயே தண்ணீர் தேங்கும். கடதாசி மட்டை விறாந்தையில் இரண்டு நாளைக்கு நன்றாக வேலை செய்யும், நனைந்ததும் எறிந்துவிடலாம். செலவில்லாததால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வைக்கோலுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. தண்டு உள்ளே குழல். காற்று அதற்குள்ளும் நிற்கும், தாளுக்கும் தாளுக்கும் இடையிலும் நிற்கும். மேலே விழும் ஈரம் கீழே வடியும். நாய் சுற்றிச் சுற்றி மிதித்துத் தன் அளவுக்குக் குழி செய்து அதற்குள் இறங்கிக்கொள்ளும். பனி பெய்யும் நாடுகளிலும் வெளிநாய்க்கு வைக்கோலைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்குவது படுவான்கரையிலும் சம்மாந்துறை வயல்களிலும் சும்மா கிடக்கிறது. சிறுபோக வெட்டு முடிந்ததும், மழை தொடங்குமுன் நாலைந்து உரப்பையில் அடைத்துப் பரணில் ஏற்றிவிட வேண்டும். மார்கழியில் தேடினால் கிடைப்பது கறுத்துப் பூஞ்சணம் பிடித்ததுதான்; அது இருமலைத் தரும், வேண்டாம். கூட்டுக்குள் ஒரு முழ உயரத்துக்குத் தளர்வாகப் போடுங்கள், மேலே துணி விரிக்காதீர்கள். காலையில் கையை அடிவரை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சில்லென்று ஈரம் பட்டால் அள்ளித் தென்னையடியில் கொட்டிவிட்டுப் புதிது போடலாம்.

குறை இல்லாமல் இல்லை. உண்ணி ஒளியும், எலி குடியேறும். எலிக்காய்ச்சல் நாயையும் பிடிக்கும் என்பதால் சாப்பாட்டுக் கோப்பையைக் கூட்டுக்குள் வைக்காதீர்கள், மிருக வைத்தியரிடம் தடுப்பூசியைக் கேளுங்கள். ஈரமில்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை மாற்றினால் உண்ணி பெருகுவது குறையும்.

உமியை ஆலைகளில் அள்ளிக்கொண்டு வரலாம். அப்படியே பரப்பினால் கண்ணிலும் மூக்கிலும் ஒட்டும், மூத்திரத்தை வைத்திருக்கும். அதையே உரப்பையில் முக்கால்வாசி நிரப்பித் தைத்து, வைக்கோலுக்குக் கீழே போட்டால் அருமையான அடிமெத்தை. குட்டிநாய் இருந்தால் கிழித்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரீசேட் போடுவதா? வயதான நாய், சொறியில் முடி கொட்டிய நாய் என்றால் கூரைக்குள் இருக்கும் இரவுக்குப் போடலாம். மழையில் இறங்கும் நாய்க்கு வேண்டாம். ஈரச் சட்டை வெறும் உடம்பைவிட மோசம். அதைவிட, வந்ததும் ஒரு துவாயால் வயிற்றையும் கால்களையும் துடைப்பது எத்தனையோ மேல். இரவுச் சோற்றில் ஒரு பிடி கூட்டி, மீனோடு வெதுவெதுப்பாகக் கொடுங்கள்.

கூட்டுக்குள் பல்ப் தொங்கவிடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இப்போதைய எல்ஈடி பல்பில் சொல்லும்படி சூடு கிடையாது. பழைய இழை பல்பில் சூடு உண்டு, ஆனால் ஈரம், வயர், வைக்கோல் மூன்றும் ஒரே கூட்டுக்குள். தாயில்லாக் குட்டிகள் என்றால் சோடாப் போத்தலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, அவை விலகிப் படுக்க இடம் விட்டு வையுங்கள். பெரிய நாய் நடுங்கினால் துடைத்து உள்ளே எடுங்கள். நடுக்கம் நின்று துவண்டு போனால், முரசு (பல் ஈறு) வெளிறினால், அது மிருக வைத்தியரிடம் ஓட வேண்டிய நேரம்.

கடைசியாகச் சங்கிலி. கட்டிய நாய்க்கு எவ்வளவு நல்ல கூடும் அரைப் பயன்தான். காற்று திசை மாறினால் அது மாற முடியாது, வளவுக்குள் வெள்ளம் ஏறினால் அவ்வளவுதான். அவிழ்த்துவிட்டு வேலியை அடைப்பதே மேல். கட்டாமல் முடியாது என்றால் இரண்டு மரங்களுக்கு இடையில் கம்பி இழுத்துச் சங்கிலியை அதில் ஓடவிடுங்கள், கூட்டின் உள்ளே வரை எட்ட வேண்டும். கொளுக்கி மட்டும் கழுத்துப் பக்கம் இருக்கட்டும். கறண்ட் இல்லாத இரவில் வீட்டில் யாரும் தடவிக் கழற்றக்கூடியதாக, துருப்பிடிக்காததாக.