பார்வைக் கணக்கா, தேடல் கணக்கா? சிறு பதிவர் எதை நம்பலாம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் இருந்துகொண்டு தமிழில் வலைப்பூ எழுதுகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘சித்தூர்’ என்று தேடினால் ஆந்திரத்துச் சித்தூரும் கூடவே வரும். அது மாவட்டத் தலைநகர். அதைப் பற்றிய பக்கங்களும் ஏராளம். நாம் எழுதுவதோ சித்தூர் பகவதி கோயில் திருவிழாவான கொங்கன்படை, ஆழியாற்றுத் தண்ணீர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வழி என்று உள்ளூர் விஷயங்கள். இதை யார் படிக்கிறார்கள், கூகுளில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கக் காசில்லாமல் மூன்று கருவிகள் கிடைக்கின்றன. மூன்றும் மூன்று எண்களைச் சொல்லும். எது எதை எண்ணுகிறது என்று தெரியாமல், நன்றாக எழுதுகிறவர்கள்கூட மனம் விட்டுப் போய் நிறுத்திவிடுகிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அலசல்.

முதலில், கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகருக்குள்ளேயே இருக்கும் புள்ளிவிவரப் பக்கம். 2010 முதல் இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம், திறந்தால் எண் தெரியும். ஆனால் அது பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதை எண்ணுகிறது. கேட்டது ஆளா, இயந்திரமா என்பதைச் சரியாகப் பிரிப்பதில்லை. திடீரென்று ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து பார்வைகள் குவியும். அங்கே தமிழர் நிறைய இருக்கிறார்கள் என்பதால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அங்கே தரவு மையங்களும் நிறைய உண்டு. ஒரே இரவில் பழைய பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பார்வை வந்திருந்தால் அது பெரும்பாலும் இயந்திரம்தான். உங்கள் சொந்தப் பார்வையை எண்ண வேண்டாம் என்று ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுவையுங்கள். அதற்கு மேல் இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை.

அடுத்தது கூகுள் அனலிட்டிக்ஸ். பழைய வடிவம் 2023 ஜூலை 1 அன்று நின்று, இப்போது ஜிஏ4 என்கிற புது வடிவம் மட்டும்தான். வந்தவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை இது சொல்லும். பத்து வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டாவது பக்கம் திறந்தாலோ ஈடுபாடுள்ள வருகை என்று எடுத்துக்கொள்ளும். கடைக்காரர்களுக்கு இது தேவைப்படும். நம்மைப் போல ஆள் குறைவாக வரும் இடத்தில் ஒருவர் தாவலைத் திறந்துவைத்துவிட்டு நிதானமாகப் படித்தாலே சராசரி தாவிக் குதிக்கும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் பலர் கணக்கிலேயே வர மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த இணைப்பு வழியாக வந்தால், பெரும்பாலும் ‘நேரடி வருகை’ என்றுதான் விழும். எந்தக் குழு என்று தெரியாது. வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

மூன்றாவது, கூகுள் தேடலில் நம் பக்கங்கள் எப்படி வருகின்றன என்று காட்டும் சர்ச் கன்சோல். என் கட்சி இதுதான். தேடி வந்தவரை மட்டுமே இது காட்டும், வாட்ஸ்அப் வாசகர் இதில் இல்லவே இல்லை. ஆனால் மற்ற இரண்டும் சொல்லாத ஒன்றை இது சொல்கிறது: அவர் என்ன தட்டிவிட்டு வந்தார் என்பது. மிக அரிதான சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும், மீதி எல்லாம் தெரியும். நம் பக்கத்து ஆட்கள் ஒரே விஷயத்தைத் தமிழ் எழுத்தில், மலையாள எழுத்தில், ஆங்கில எழுத்தில் என்று மூன்று விதமாகத் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தலைப்பில் வெறும் ‘சித்தூர்’ என்று விடாமல் ‘பாலக்காடு சித்தூர்’ என்றும், முதல் பத்தியில் மலையாள எழுத்திலும் ஊர்ப் பெயரைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

பலரைக் கலங்கடிப்பது அங்கே இருக்கும் ‘சராசரி இடம்’, அதாவது தேடல் முடிவுகளில் நம் பக்கம் சராசரியாக எத்தனையாவதாக வருகிறது என்பது. ஒரு சொல்லுக்கு 3-ஆம் இடத்தில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த மாதம் புதிதாக இன்னொரு சொல்லுக்கு 37-ஆம் இடத்தில் தலைகாட்டுகிறீர்கள். இரண்டும் சம அளவில் காட்டப்பட்டால் சராசரி 20 ஆகிவிடும். பார்க்கிறவருக்கு வீழ்ச்சி, உண்மையில் வளர்ச்சி. அதனால் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பாருங்கள். நம் பெயரை நாமே கூகுளில் தேடிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடினாலும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும்; கொல்லங்கோட்டில் தெரிவதும் பொள்ளாச்சியில் தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு நன்மை, 16 மாதத் தரவு. கொங்கன்படை மாசியில், மலையாளக் கணக்கில் கும்பத்தில் வருகிறது. அந்தச் சமயத்தில் தேடல் ஏறும், பிறகு இறங்கும். மார்ச்சை ஏப்ரலோடு ஒப்பிட்டால் வீணாகக் கவலைப்படுவோம். போன கும்பத்தோடு இந்தக் கும்பத்தை ஒப்பிட வேண்டும், அதற்கு 16 மாதம் போதும்.

குறை இல்லாமல் இல்லை. பக்கங்களின் பட்டியலில் தலைப்பு வராது, முகவரிதான் வரும். தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அதைப் படிக்காமல் ‘பிளாக்-போஸ்ட்_17’ என்கிற மாதிரி ஒரு முகவரியை வைத்துவிடும். எது கோயில், எது ஆறு என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். இனி எழுதும் பதிவுகளுக்கு, வெளியிடும் முன் முகவரியை நீங்களே ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பழையவற்றில் கை வைக்காதீர்கள், ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் அறுந்துபோகும்.

சரி, இதையெல்லாம் வைத்து என்ன செய்வது? நிறைய முறை காட்டப்பட்டும் யாரும் கிளிக் செய்யாத பதிவைத் தேடிப் பிடியுங்கள். என்னிடம் ஆழியாறு பதிவு அப்படி இருந்தது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையில் இருக்கும் மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்ற செய்தியே நாலாவது பத்தியில்தான் இருந்தது. தேடுகிறவர்கள் கேட்பதோ சித்தூருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைத்தான். அந்த எண்ணைத் தலைப்புக்கும் முதல் வரிக்கும் கொண்டுவந்தேன். இப்போது நெல்லுக்குத் தண்ணீர் எந்த மாதத்தில் தேவை என்ற பகுதியையும் அதில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியும் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறது.