கரண்ட் (புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சை) வைக்கப் போகிறவர்களுக்கு: இந்த மையத்தில் எங்கள் ஏழு வாரம்

எங்கள் நைனாவுக்கு வயது 63. காசிமேட்டில் கிழிந்த வலை தைத்தே எங்களை வளர்த்தவர். தொண்டையில் கட்டி, கழுத்தில் ஒரு நெறி. 35 சிட்டிங், வாரத்துக்கு 5 நாள், தினம் 2 கிரே (கிரே என்பது கதிரின் அளவு), மொத்தம் 70 கிரே என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடவே வாரம் ஒரு கீமோ. ஷேர் ஆட்டோவில் போய் வரும் தூரம் என்பதால்தான் இங்கே வந்தோம்.

முதல் நாள் டாக்டரம்மாவிடம் மெஷின் புதுசா பழசா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் நைனாவைப் பார்த்து, “பீடி விட்டாச்சா?” என்றார். ஏதோ வழக்கமான அறிவுரை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டார். இந்த மையத்துக்கு நான் நட்சத்திரம் கொடுப்பது அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

கதிர் பட்டதும் செல்லுக்குள் டி.என்.ஏ.வில் உடைசல் விழுகிறது. அந்த நேரம் ஆக்சிஜன் இருந்தால் உடைசல் அப்படியே நிலைத்துவிடும். இல்லாவிட்டால் பெரும்பகுதி சரியாகி, செல் பிழைத்துக்கொள்ளும். ஆக்சிஜனே இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய 3 மடங்கு கதிர் வேண்டும். கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக்குழாய் ஈடுகொடுப்பதில்லை. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவு தூரம்தான் ஆக்சிஜன் போய்ச் சேரும். 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் அளந்து இதை எழுதியிருக்கிறார்கள். நைனாவின் ஃபைலில் இருக்கும் ‘கிரே’ அந்த கிரேயின் பெயர்தான்.

எனக்கு உடனே எங்கள் தெரு ஞாபகம் வந்தது. மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் முன்வீடுகளில் மோட்டார் போட்டால் கோடி வீட்டுக் கைப்பம்பில் வெறும் காற்றுதான் வரும். ஆனாலும் கோடி வீட்டுக்காரர்கள் இரண்டு குடத்தில் நாளை ஓட்டப் பழகிவிட்டார்கள். கட்டிக்குள்ளும் அப்படிப் பழகிய செல்கள்தான் கரண்டுக்குத் தப்புகின்றன. இதைச் சொன்னதும் டாக்டரம்மா, “சரியா சொன்னீங்கம்மா. முன்வீடு காலியானா தண்ணி கோடி வரைக்கும் போகும் இல்ல? அதுக்குத்தான் தினம் கொஞ்சம் கொஞ்சமா வைக்கிறோம்” என்றார். இன்றைக்குக் குழாய்ப் பக்கத்துச் செல்கள் சாகும், உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டும், அடுத்தடுத்த சிட்டிங்கில் அவையும் மாட்டும். ஒரேயடியாக வைத்து அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்த நைனா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பீடி விஷயமும் அப்போதுதான் புரிந்தது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அன்றைக்கே நைனா பீடிக்கட்டை என்னிடம் கொடுத்தார். நாற்பது வருடப் பழக்கம். மூன்றாவது வாரம் மட்டும் ஒரு நாள் கடற்கரைப் பக்கம் போய் இழுத்துவிட்டு வந்தார். மறுநாள் டெக்னீஷியன் தம்பி வாசனையிலேயே கண்டுபிடித்து, “தாத்தா, நீங்க இழுத்தா என் மெஷினுக்குப் பலம் கொறையும்” என்றான். திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னான். அதுதான் கடைசி பீடி.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நைனாவுக்கு 9.4 வரை இறங்கியது. ரத்தம் ஊறுகிற ஊசி போடலாமே என்று கேட்டேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். ஜெர்மனியில் அந்த ஊசி போட்டுச் சோதித்த ஆய்வு 2003இல் வெளிவந்ததாம்; ரத்தம் ஏறியும் நோய் கட்டுப்படுவது மோசமாகத்தான் இருந்ததாம். பெரிய ஆக்சிஜன் அறைக்குள் படுக்க வைத்துக் கதிர் கொடுத்துப் பார்த்ததும் லண்டனில் 1955லேயே நடந்திருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லையும் கதிரில் மாட்டவைக்க, டென்மார்க்கில் நிமோரசோல் என்ற மாத்திரையைக் கதிரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார். காசு வரும் ஊசியை வேண்டாம் என்று சொன்னதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது.

இப்போது குறை. நாலாவது வாரம் மெஷின் இரண்டு நாள் நின்றது. யாரும் போன் செய்யவில்லை. வாயெல்லாம் புண்ணோடு, எச்சில் விழுங்க முடியாத மனுஷனை வெயிலில் கூட்டி வந்த பிறகுதான் சொன்னார்கள். கரண்டில் நாள் தள்ளிப்போனால் இடைவெளியில் கட்டி மறுபடி பெருகும் என்று சொல்லித் தந்ததே இவர்கள்தான். அதனால்தான் எனக்கு அத்தனை கோபம். விட்டதை ஒரு சனிக்கிழமையும், ஒரு நாள் காலை மாலை 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறையும் வைத்து ஈடுகட்டினார்கள். அது நியாயம்தான். ஆனால் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எத்தனை நேரமாகும்?

காத்திருக்கும் கூடத்தில் ஃபேன் போதாது. கழிப்பறை சுத்தம். கதிர் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க மாஸ்க் போட்டு மேஜையோடு பூட்டுவார்கள்; அப்போது பயப்படுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கையில் மணி கொடுப்பார்கள்.

ஐந்துக்கு நாலு. போகிறவர்கள் திங்கட்கிழமை ரத்த ரிப்போர்ட்டை நீங்களே கேட்டு வாங்கி ஹீமோகுளோபினைப் பாருங்கள். கேட்டால்தான் கையில் தருகிறார்கள். கிளம்பும் முன் மெஷின் ஓடுகிறதா என்று ரிசப்ஷனுக்கு ஒரு போன் போடுங்கள், காலை 8 மணிக்கு எடுப்பார்கள்.