டர்டில் டோரா, ஓல்ட் ஹாரியா? முழங்கால் வலிக்காரங்களோட டார்செட் போறவங்களுக்கு

ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்தா இங்கிலாந்தோட தெற்கு ஓரத்துல இருக்கற டார்செட் கடற்கரைக்கு கூட்டிட்டு போறதுங்கறது ரெடிங் பக்கம் இருக்கற எங்க செட்டுல ஒரு சடங்கு மாதிரியே ஆயிடுச்சு, அதுலயும் எல்லாரும் போறது டர்டில் டோர்தான், அந்த கல் வளைவு முன்னாடி நின்னு எடுத்த போட்டோ குடும்ப வாட்ஸப் குரூப்ல வந்தாத்தான் லண்டன் போனதுக்கே அத்தாட்சி. நாங்களும் ஆகஸ்ட்ல அங்க போனோம், செப்டம்பர்ல அதே டார்செட்ல கடலுக்குள்ள வெள்ளைத் தூண் மாதிரி நிக்கற ஓல்ட் ஹாரி ராக்ஸ் போனோம். ரெண்டையும் ஒரே மாமியார், ஒரே மாமனாரோட பாத்ததால சொல்றேன், வயசானவங்க கூட வந்தா ஓல்ட் ஹாரிதான்.

அழகுன்னு மட்டும் பாத்தா டர்டில் டோரை அடிச்சுக்க முடியாது, அதை ஒத்துக்கறேன். பக்கத்துல லுல்வொர்த் கோவ் வேற இருக்கு, கிட்டத்தட்ட வட்டமா வெட்டி வச்ச மாதிரி ஒரு சின்ன விரிகுடா. கடல் பக்கம் கெட்டியான சுண்ணாம்புப்பாறை சுவர் மாதிரி நிக்குது, அதுல ஒரு இடத்துல தண்ணி உடைச்சுக்கிட்டு உள்ள வந்து, பின்னாடி இருந்த இளகின மண்ணை எல்லாம் அரிச்சு எடுத்துடுச்சு. டர்டில் டோர் வளைவும் அதே கெட்டிப் பாறையோட மிச்சம்தான். பக்கத்துல ஸ்டேர் ஹோல்னு ஒரு இடம், பாறை அடுக்கெல்லாம் மடிச்ச பாய் மாதிரி சுருண்டு கிடக்கும், அதை லுல்வொர்த் கோவ் கார் பார்க்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே பாத்துடலாம், தவற விடாதீங்க.

ஆனா சிக்கல் எங்கன்னா ஏத்தம். டர்டில் டோர் கார் பார்க் மலை மேல இருக்கு, அங்கேருந்து பாதை கீழ போகுது, அதுக்கப்புறம் படி, படிக்கு கீழ கூழாங்கல் பீச். போறப்போ எல்லாம் இறக்கம்ங்கறதால யாருக்கும் ஒண்ணும் தெரியாது, சிரிச்சு பேசிக்கிட்டே போயிடுவோம். திரும்பி வர்றப்போதான் தெரியும், அப்போ வெயில் ஏறியிருக்கும், சாப்பிட்டிருப்போம், கூட்டமும் இருக்கும். அத்தை பாதி வழியில உக்காந்துட்டாங்க. "நீங்க போயிட்டு வாங்க மாப்ள, நான் இங்கயே பாத்துக்கறேன்"னாங்க, அந்த குரல்லயே புரிஞ்சுடுச்சு. அவங்களை மேல ஏத்திட்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு, நடுவுல நாலு தடவை நின்னோம், பின்னாடி வர்றவங்களுக்கு ஒதுங்கி வழி விட்டுக்கிட்டே. லுல்வொர்த் கோவ்ல நிறுத்திட்டு நடந்தா இன்னும் மோசம், நேரா ஒரு குன்னு மேல ஏறி மறுபடி இறங்கணும், திரும்பி வர்றப்போ அதே குன்னு. வீட்ல முழங்கால் பெல்ட் வச்சிருக்கறவங்க யாராவது இருந்தா இதை யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க, மத்த ப்ளஸ் மைனஸ் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஓல்ட் ஹாரி இதுக்கு நேர் எதிர். ஸ்டட்லண்ட்ங்கற கிராமத்துல சவுத் பீச் கார் பார்க்ல நிறுத்திட்டு சுமார் ஒரு மைல் நடை, அகலமான பாதை, அங்கங்க லேசான மேடு, அவ்வளவுதான். அத்தை முன்னாடி போக நாங்க பின்னாடி போனோம்னா பாத்துக்கோங்க. பாதை முடியற இடத்துல திடீர்னு தரை நின்னு போயி வெள்ளை வெளேர்னு சாக், அதாவது சாக்பீஸ் மாதிரி இளகின சுண்ணாம்புப்பாறைத் தூண்கள் கடலுக்குள்ள நிக்கும். இதே சாக் வரிசை ஒரு காலத்துல எதிர்ல இருக்கற ஐல் ஆஃப் வைட் தீவோட நீடில்ஸ் பாறை வரைக்கும் ஒண்ணா இருந்துச்சு, தெளிவான நாள்ல அது கண்ணுக்கு தெரியும். ஓல்ட் ஹாரிக்கு மனைவின்னு ஒரு தூண் இருந்துச்சாம், அது 1896ல இடிஞ்சு விழுந்துடுச்சு. இதை சொன்னதும் மாமா அத்தையை ஒரு பார்வை பாத்தார், அத்தை கண்டுக்கவே இல்ல, குனிஞ்சு கறுப்பு ஷூவைத்தான் பாத்துட்டு இருந்தாங்க, ஷூ முழுக்க விபூதி பூசின மாதிரி வெள்ளைத் தூள்.

பயம் ஒண்ணு இருக்கு. விளிம்புல வேலி கிடையாது, சாக் உதிர்ற பாறை, செல்பிக்கு ஓரமா போற ஆளுங்களைப் பாத்தா வயித்தைக் கலக்கும். சின்ன பசங்களை கையில பிடிச்சுக்கோங்க. அங்கேருந்து நேரா கடல்ல இறங்க வழியும் இல்ல, குளிக்கணும்னா ஸ்டட்லண்ட் பீச்சுக்குத்தான் திரும்பி வரணும், மணல், ஆழம் கம்மி, குழந்தைகளுக்கு டர்டில் டோர் கூழாங்கல்லை விட ஆயிரம் மடங்கு தேவலை. அப்படியே மணல்லயே வடக்கு பக்கமா காலாற நடக்கறவங்க போர்டு படிச்சுட்டு நடங்க, ஒரு பகுதி துணியில்லாம குளிக்கறவங்களுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க, மாமனார் மாமியாரோட அதுக்குள்ள போயிட்டு என்னை திட்டாதீங்க.

கார் பார்க் காசு ரெண்டு இடத்துலயும் உண்டு, ஸ்டட்லண்ட்ல நேஷனல் ட்ரஸ்ட்ங்கற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புல மெம்பர்னா ஃப்ரீ. கால் நல்லா இருக்கறவங்க ஓல்ட் ஹாரியோட நிறுத்தாம பேலர்ட் டவுன்ங்கற குன்னு மேல ஏறி ஸ்வானேஜ் ஊர் வரைக்கும் போயிட்டு 50ம் நம்பர் பஸ்ல திரும்பலாம், நான் அந்த மேட்டுல பாதி வரைக்கும்தான் தனியா ஏறினேன், அதனால முழு வழிக்கு கேரண்டி தர மாட்டேன். நான் ரெண்டு இடத்தையும் பாத்தது வெயில் காலத்துல மட்டும்ங்கறதையும் சொல்லிடறேன்.

போர்ன்மத் பக்கமா வந்தா சேண்ட்பேங்க்ஸ்ல சங்கிலி இழுத்துக்கிட்டு போற ஃபெர்ரி ஒண்ணு இருக்கு, சில நிமிஷத்துல ஸ்டட்லண்ட் பக்கத்து அக்கரை. ஆகஸ்ட் சனி ஞாயிறுல கார் வரிசை ரொம்ப நீளமா நிக்கும், ஆனா மாமாவுக்கு அன்னைக்கு பாறையை விட அந்த சங்கிலிதான் பிடிச்சுது, வர்றப்போவும் அதுலயே போலாம்னு சொல்லிட்டார்.