மூலையா, வெளிச்சவீடா?

மட்டக்களப்பின் பாலமீன்மடு வெளிச்சவீட்டருகே ஒரு மாலை தனியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வந்து, "ஏன் தம்பி, வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்பான ஊர்; தனிமைதான் கிடைக்காது.

ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' நாவல் (வெளிவந்தது 1949) காட்டுவது தனிமையைக் குற்றமாக்கும் உலகம். அதன் நாயகன் வின்ஸ்டனுக்கு மிஞ்சுவது, வீட்டுக்குள்ளேயே ஆளைக் கண்காணிக்கும் தொலைத்திரையின் பார்வைக்குத் தப்பிய ஒரு சுவர் மூலை. பழைய சாமான் கடையில் வாங்கிய கொப்பி. எழுதத் தொடங்கும்போது தயங்கும் கை. அந்த அச்சத்தை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்று என் கையில் இருந்ததோ அல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவல் (1932). அங்கே தனிமையை விரும்புவது அருவருப்பான பழக்கம், அவ்வளவுதான். மனம் வாடினால் சோமா மாத்திரை இருக்கிறது. அந்த உலகத்துக்கு வெளியே வளர்ந்து அங்கே வந்துசேர்ந்த ஜோன், விலகிப்போய் ஒரு பழைய வெளிச்சவீட்டில் குடியேறுகிறான். தன்னையே சாட்டையால் அடித்துக்கொள்கிறான். செய்தி பரவ, ஹெலிகொப்டர்களில் வந்து இறங்குகிறது கூட்டம்.

எனக்கு இதுதான் கூடுதல் பயம். வின்ஸ்டனுக்கு எதிரி யாரென்றாவது தெரியும். ஜோனைச் சூழ்ந்தவர்களிடம் பகையே இல்லை. குரங்குக்கு வீசுவதுபோல அவனுக்குக் கச்சான் வீசுகிறார்கள்.